சென்னைக்குப் போகும் என் அண்ணன் மகனுக்கு

அன்புள்ள கண்ணு,

"எழுதணும்னா மெட்ராஸ்ல இருக்கணும் அத்தை, சேலத்துல என்ன இருக்கு?" என்று போனில் கேட்டாய். இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை அது. உன்னைப் போல யோசிக்கிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

போகாதே என்று சொல்ல மாட்டேன். சென்னைக்கு இருக்கிற இலக்கியப் பெயர் பொய்யில்லை. ஆனால் அந்தப் பெயரை அதற்கு வாங்கிக் கொடுத்தவர்கள் யார் என்று பார். புதுமைப்பித்தன் திருநெல்வேலியிலிருந்து போனவர். ஜெயகாந்தன் கடலூர்க்காரர். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தையும் சினிமா கம்பெனி ஊழியர்களின் பாட்டையும் அவ்வளவு நுணுக்கமாக எழுதிய அசோகமித்திரன், செகந்திராபாத்தில் பிறந்து, அப்பா இறந்த பிறகு 1952-ல் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். வந்தவர்களுக்கு வேலை கொடுத்து, அவர்கள் எழுதியதை அச்சடித்தும் கொடுத்தது அந்த நகரம். அது பெரிய பெருமைதான்.

சேலமும் அப்படி எழுத்துக்காரர்களை அழைத்து வேலை கொடுத்த ஊர்தான். ஏற்காடு ரோட்டில் தனியாக நிற்கிறதே, மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, அந்த சினிமா கம்பெனியின் கதையைக் கேள். 1950-ல் வந்த 'மந்திரி குமாரி'க்குக் கருணாநிதி வசனம் எழுதினார். அந்தப் படத்தின் மூலக்கதை குண்டலகேசி. 1952-ல் 'வளையாபதி'க்குப் பாரதிதாசன் எழுதினார். ஐம்பெருங்காப்பியங்களில் முழுதாகக் கிடைக்காமல் போனவை இந்த இரண்டும்தான். ஏட்டில் தொலைந்த இரண்டு காப்பியங்களும் நம் ஊர்க் கம்பெனியின் படங்களாகக் கொட்டகைக்கு வந்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

அப்புறம் 'நடை'. உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதைத்தான். 1968-ல் சேலத்திலிருந்து வர ஆரம்பித்த சிறுபத்திரிகை. அதன் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் கவிஞர் சி. மணி. அதற்கு முன்பே சென்னையில் சி.சு. செல்லப்பா நடத்திய 'எழுத்து' பத்திரிகையில் 'நரகம்' என்ற நீண்ட கவிதையை எழுதியிருந்தார். நகரத்துத் தெருவில் ஆசையோடும் ஏக்கத்தோடும் தனியாக அலைகிற ஒருவனை அப்படி யாரும் அதுவரை தமிழில் பாடியதில்லை என்பது என் எண்ணம். புதுக்கவிதைக்காரர்களுக்கு யாப்பே தெரியாது என்று பலரும் ஏசிக்கொண்டிருந்த காலம் அது. அவரோ 'செல்வம்' என்ற பெயரில் யாப்பியலை எழுதி, 'நடை'யின் இணைப்பாகக் கொடுத்தார். வாதாடுவதைவிட இது எவ்வளவு கம்பீரமான பதில், பார்! ந. முத்துசாமியின் 'காலம் காலமாக' நாடகம் வெளிவந்ததும் 'நடை'யில்தான். பின்னாளில் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியவர் அவர். சென்னை தன் நவீன நாடகத்தைப் பற்றிப் பேசும்போது சேலத்தின் பெயரையும் சொல்லியாக வேண்டும்.

பெருமாள்முருகனை உனக்கே தெரியும். அவருடைய 'ஏறுவெயில்' நாவல் வந்த 1991-ல் திருச்செங்கோடு சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. காலனி கட்டுவதற்காக நிலத்தை இழந்த குடியானவக் குடும்பத்தின் கதை. அதற்கு வேண்டிய மண்ணும் பேச்சும் இந்தப் பக்கத்திலேயே இருந்தன.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைக்கிறவர்களோடு பேசிப் பழகி வளர்ந்தவன் நீ. அம்மாப்பேட்டை தறிச் சத்தம் உன் காதில் இருக்கிறது. அதையெல்லாம் இங்கேயே விட்டுவிட்டு, சென்னைக்காரனைப் போல எழுதப் பழகிவிடாதே கண்ணு. எனக்கு இருக்கிற பயம் அது ஒன்றுதான்.

சரி, போனதும் எனக்காக ஒரு வேலை செய். எழும்பூரில் கன்னிமாரா நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், இரண்டு இடத்திலும் 'நடை' இதழ்கள் இருக்கிறதா என்று கேள். கிடைத்தால் ஒரு இதழையாவது அட்டையிலிருந்து அட்டை வரை படித்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை