பூச்சிமருந்தும் பக்கத்து வயல்காரரும்

வசந்திக்கு,

உன் குரல் பதிவுகளுக்கெல்லாம் பதில் போடாமல் இருந்ததற்கு நீ திட்டிக்கொண்டிருப்பாய், திட்டு. இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்குத் தஞ்சாவூரிலேயே இடம் கிடைத்துவிட்டது. மாமியார் வழக்கம்போல. சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பசு செவலைக்கு விஷம் ஏறிவிட்டது. பிழைத்துவிட்டாள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவாய், பள்ளிக்கூடத்திலிருந்தே உனக்கு அந்தப் புத்தி.

சம்பாவில் இலைச்சுருட்டுப் புழு என்று பாமணி ஆற்றோரம் முழுக்க மருந்து அடிக்கிறார்கள். நம் வயலுக்கு அடுத்தது யாருடையது என்று உனக்குத் தெரியும், பெயரை எழுதினால் இந்தக் காகிதத்துக்கும் வரப்புத் தகராறு வந்துவிடும். அவர் காலையில் அடித்துவிட்டுப் போன வரப்பில்தான் எங்கள் ஆள் புல் அறுத்து வந்திருக்கிறான். மத்தியானம் பார்த்தால் செவலை வாயிலிருந்து எச்சில் கம்பியாக வடிகிறது, கண்ணில் நீர், தண்ணியாகக் கழிச்சல், தொடைச் சதை தனியே துடிக்கிறது, மூச்சு இழுக்கிறது. கொஞ்ச நேரத்தில் படுத்தே விட்டாள்.

உடனே தெருவே வைத்தியராகிவிட்டது. ஒருவர் மோர், ஒருவர் நல்லெண்ணெய், இன்னொருவர் புளிக்கரைசலோடு மூங்கில் குழாய். மூச்சு வாங்கும் மாட்டுக்கு அப்படி ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கி, விஷத்துக்கு முன்னால் அதுவே கொன்றுவிடும். குழாயைப் பிடுங்கி எறிந்தது யார் தெரியுமா? என் மாமியார்! அந்த ஒரு காரியத்துக்காக இந்த மாதம் அவரைப் பற்றி உன்னிடம் எதுவும் சொல்ல மாட்டேன். "உம்பளச்சேரி நாட்டு மாடா இருந்தா தாங்கியிருக்கும், ஜெர்சிக் கலப்புல" என்று உபதேசம் செய்ய வந்தவரை மட்டும் நான் கவனித்துக்கொண்டேன்.

மாட்டு டாக்டர் சின்னப் பெண், ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரியில் படித்தவள். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்து? அந்த வயல்காரர் வீடு அடுத்ததுதானே, ஓடினேன். மனிதர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "நான் ஒண்ணும் அடிக்கலையே, வேப்பெண்ணெய்தான்" என்கிறார். பக்கத்தில் தெளிப்பான், தெரு முழுக்க நாற்றம். எனக்கு எப்படி இருந்திருக்கும்! சண்டை போட அவகாசமில்லை, திரும்பி வந்தேன். பின்னாலேயே அவர் சம்சாரம் கொல்லைப்பக்கமாக வந்து, முந்தானைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்து டாக்டர் கையில் கொடுத்தாள். மஞ்சள் முக்கோணம் போட்டது, குளோர்பைரிபாஸ்.

கண்பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்ததைப் பார்த்தே டாக்டர் அட்ரோபின் என்கிற முறிமருந்து ஊசியைத் தொடங்கிவிட்டாள். ஆனால் இந்த ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துக்கு அட்ரோபினோடு பிராலிடாக்சிம் என்று இன்னொன்றும் உண்டாம், அதைச் சீக்கிரம் போட்டால்தான் பலன், நேரம் போனால் வேலை செய்யாது. கார்போபியூரான் குருணை மாதிரி வேறு வகையாக இருந்தால் அது தேவையே இல்லை. பெயர் தெரியாமல் எப்படி முடிவு செய்வாள்?

இப்போது கணக்கு டீச்சரை நினைத்துக்கொள். அட்ரோபின் கிலோவுக்குக் கால் மில்லிகிராம், மாடு 300 கிலோ, ஆக 75 மில்லிகிராம். மருந்துக்கடையில் கிடைக்கும் சின்ன ஆம்பூலில், அதாவது ஊசிமருந்துக் கண்ணாடிக் குப்பியில், இருப்பதோ 0.6 மில்லிகிராம். அப்படியென்றால் 125 ஆம்பூல்! மன்னார்குடிக் கடைகளை வழித்துக்கொண்டு வந்தார் இவர். டாக்டர் ஊசியில் ஏற்ற ஏற்ற, நானும் அந்தப் பக்கத்து வீட்டம்மாவும் உட்கார்ந்து ஆம்பூல் கழுத்தை ஒடித்துக்கொண்டிருந்தோம், இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்சம் நரம்பில், மீதி தோலுக்கடியில். ஒரேயடியாகவும் போட முடியாது, அளவு மிஞ்சினால் இரைப்பை அசைவு நின்று வயிறு உப்பிவிடுமாம், அதனால் எச்சில் காய்கிறதா, மூச்சு இலகுவாகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான். அப்புறம் குழாய் விட்டுக் கரித்தூள் கரைசல். அடுப்புக்கரி இல்லை, மருந்துக்கென்றே தயாரித்தது. பாலைக் கறந்து கீழே கொட்டினோம், டாக்டர் சரி என்று சொல்லும்வரை சொசைட்டிக்கும் இல்லை, கன்றுக்கும் இல்லை.

எனக்கு ஆத்திரம் மருந்து அடித்ததில் இல்லை, வசந்தி. அடித்ததை மறைத்ததில்தான். யூரியா கரைத்த வாளியில் மாடு வாய் வைத்தாலும் நுரை தள்ளி நடுங்கத்தான் செய்யும், அதற்கு வினிகரும் நிறையக் குளிர்ந்த தண்ணீரும். வாடிய இளஞ்சோளத்தைத் தின்றால் சயனைடு, அதற்குச் சோடியம் தயோசல்பேட். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், மருந்து வேறு வேறு. ஊரில் மாடு விழுந்தால் எல்லோரும் ஓடி வருகிறார்கள், பாட்டிலை மட்டும் யாரும் எடுத்து வருவதில்லை. சண்டை வரும், கேஸ் வரும் என்று பயம்.

நீயும் கேட்டுக்கொள். உங்கள் மாடியில் எலிமருந்து வைத்திருக்கிறீர்களே, அந்த அட்டையை எறியாதே. புரோமாடியோலோன் கட்டியாக இருந்தால் நாய் தின்ற அன்று ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத்தான் ரத்தம் கசியும், வாரக்கணக்கில் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றலாம். கருப்புப் பொடி, அதாவது ஜிங்க் பாஸ்பைடு என்றால் முறிமருந்தே கிடையாது, நாய் வாந்தி எடுத்தால் அதிலிருந்து வரும் வாயு உனக்கும் ஆபத்து, ஜன்னலைத் திறந்துவிட்டுத் தள்ளி நில். இங்கே எலிக்கு மூங்கில் கிட்டி வைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், கோயம்புத்தூர் மாடிக்கு அனுப்பி வைக்கட்டுமா? பாயாசத்துத் திராட்சையை ராஜாவுக்கு ஊட்டுகிறாயே, அதுவும் நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதே, ஒரு மாத்திரையே கொன்றுவிடும். உன் கைராசி எனக்குத் தெரியும்.

அடுத்த வயல்காரர் இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கொட்டிய பாலுக்கு அவரிடம் காசு கேட்க வேண்டும் என்கிறார் மாமியார். அந்த அம்மாவின் முகத்துக்காக வேண்டாம் என்கிறேன், வீட்டில் தினமும் இதே பஞ்சாயத்து. நீ என்ன சொல்கிறாய்? குரல் பதிவு வேண்டாம், மாமியார் காதில் விழும், எழுதி அனுப்பு.

உன்,
கலா