ஆர் சொல்லித்தரும் புள்ளியியல் ஆசிரியர்களுக்கு: லெஜண்டுக்கும் ஒரு வகுப்பு ஒதுக்குங்கள்

வணக்கம்.

கல்லூரி லேபில் ஆர் மென்பொருளைச் சொல்லித்தரும் உங்கள் அனைவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். மாணவர்களின் ப்ராஜெக்ட் அறிக்கைகளை ஆண்டுதோறும் படிக்கிறவன் நான். கோட்டு வரைபடங்களில் தரவு சரியாக இருக்கும், கோடுகளும் சரியாக இருக்கும். லெஜண்டில்தான், அதாவது எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று சொல்லும் பெட்டியில்தான் கோளாறு. அதுவும் பார்த்ததும் பிடிபடாத கோளாறு.

அண்மையில் படித்த ஓர் அறிக்கையில் ஆண்களின் கோடும் பெண்களின் கோடும் பெயர் மாறிக் கிடந்தன. தரவில் எஃப், எம் என்று இருந்திருக்கிறது. அகரவரிசையில் எஃப் முதலில் வரும். மாணவி லேபிள் கொடுக்கும்போது ஆண், பெண் என்ற வரிசையில் கொடுத்துவிட்டார். ஆர் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. முடிவுரை முழுவதையும் அந்தப் படத்தைப் பார்த்தே எழுதியிருந்தார். அவர் உழைப்பை நினைத்து எனக்கு மனசு கேட்கவில்லை. இது அவருடைய கவனக்குறைவு மட்டும் இல்லை. லெஜண்ட் எங்கிருந்து வருகிறது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

ஆருடனேயே வரும் ஆரஞ்சு மரத் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஏழு அளவீடுகள், மொத்தம் 35 வரிகள். 118ஆம் நாள் முதல் 1582ஆம் நாள் வரை தண்டின் சுற்றளவு மில்லிமீட்டரில் இருக்கும். ஆரின் வரைபடத் தொகுப்பான ஜிஜிபிளாட்2-இல் மரத்துக்கு ஒரு நிறம் என்று கோடு வரைந்தால், லெஜண்டில் 3, 1, 5, 2, 4 என்று வரும். பலர் இதைப் பிழை என்றே நினைக்கிறார்கள். பிழை இல்லை. எந்த மரம் அதிகபட்சமாக எவ்வளவு பருத்ததோ அந்த ஏறுவரிசையில்தான் லெவல்கள், அதாவது தரவில் உள்ள மர எண்கள், வைக்கப்பட்டிருக்கின்றன. மூன்றாம் மரம் 140, நான்காம் மரம் 214.

இதை அறியாத மாணவர் லேபிள்ஸ் என்ற இடத்தில் மரம் 1, மரம் 2 என்று ஐந்து வரை வரிசையாகக் கொடுத்தால் என்ன ஆகும்? ஐந்து பெயரும் தவறான கோட்டில் போய் ஒட்டும், ஒன்றுகூடத் தப்பாது. 214 மில்லிமீட்டர் பருத்த மரம் 'மரம் 5' ஆகிவிடும். படம் மட்டும் அழகாகவே இருக்கும்.

பழைய பிளாட் கட்டளையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே லெஜண்ட் என்பது தனி ஃபங்ஷன். வரைந்த கோடுகளுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. நிறத்தையும் கோட்டு வகையையும் நாமே இன்னொரு முறை எழுத வேண்டும். பிறகு கோட்டின் நிறத்தை மாற்றிவிட்டு லெஜண்டில் மாற்ற மறந்தால், அவ்வளவுதான்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். லேபிள்களை வெறும் வரிசையாகத் தர விடாதீர்கள். எந்த லெவலுக்கு எந்தப் பெயர் என்று ஜோடியாக எழுதப் பழக்குங்கள். அல்லது வரைவதற்கு முன்பே தரவில் பெயரை மாற்றிவிட்டு, ஒருமுறை டேபிள் போட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் வரிசை. ஆரஞ்சு மரப் படத்தில் மேலே ஓடும் கோடு நான்காம் மரம். லெஜண்டிலோ அது கடைசியில் இருக்கிறது. படிப்பவர் கண் மேலும் கீழும் அலைய வேண்டியிருக்கிறது. கைட் லெஜண்டில் ரிவர்ஸ் என்று ஒரு சொல் சேர்த்தால் 4, 2, 5, 1, 3 என்று கோடுகள் முடியும் வரிசையிலேயே பெயர்களும் வந்துவிடும். மற்ற தரவுகளுக்கு ஃபோர்கேட்ஸ் தொகுப்பில் உள்ள ரீஆர்டர்2 ஃபங்ஷன் இதே வேலையைச் செய்யும். கருப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுக்கப்போகும் அறிக்கை என்றால் கோட்டு வகையையும் மாற்றுவோம். அப்போது லெஜண்டில் பெயருக்குப் பக்கத்தில் வரும் மாதிரிக் கோட்டின், அதாவது சாவியின், அகலத்தை ஜிஜிபிளாட்2-இன் தீம் (theme) கட்டளையில் கூட்டச் சொல்லுங்கள். சின்னச் சாவியில் புள்ளிக்கோடும் வெட்டுக்கோடும் ஒன்றுபோலத் தெரியும்.

தமிழில் லெஜண்ட் எழுத விரும்பும் மாணவர்களைத் தடுக்காதீர்கள். வழக்கமான பிடிஎஃப் வெளியீட்டில் எழுத்துகள் புள்ளிகளாகப் போய்விடும் என்பது உண்மைதான். படத்தை ராக் (ragg) தொகுப்பு வழியாகச் சேமித்து, கணினியில் ஒரு தமிழ் எழுத்துருவும் இருந்தால், கொம்பும் காலும் உரிய இடத்தில் வரும்.

நாலைந்து கோடுகள்தான் என்றால் லெஜண்டே வேண்டாம் என்பது என் எண்ணம். 1786இல் கோட்டு வரைபடத்தின் முன்னோடியான வில்லியம் பிளேஃபேர் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதிக் கோடுகளை வரைந்தபோது பெயரைக் கோட்டின் மேலேயே எழுதினார். பெட்டி இல்லை, தேடல் இல்லை. ஆரிலும் கோடு முடியும் இடத்தில் பெயரை எழுதிவிட்டு, லெஜண்ட் பொசிஷனை நன் (none) என்று வைத்தால் போதும்.

அடுத்த ப்ராக்டிகல் தேர்வில் இந்த ஆரஞ்சு மரத் தரவையே கொடுங்கள். படம் வரைந்ததற்கு மார்க் போடும் முன், எந்தக் கோடு எந்த மரம் என்று தரவைப் பார்த்து நிரூபிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களின் அறிக்கைகளைப் படிக்கும் ஒருவன்