மாலைக் கற்றல் நிலையத்துக்குத் தனிப் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்கக் கோரும் மனு

பொகவந்தலாவை
2025.09.15

மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
மாகாணக் கல்வித் திணைக்களம்,
மத்திய மாகாணம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

விடயம்: இடைவிலகிய பிள்ளைகளுக்கான மாலைக் கற்றல் நிலையத்தின் பொறுப்பாளர் பதவி தொடர்பானது

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், முறைசாராக் கல்வித் திட்டத்தின் கீழ் நடக்கும் மாலைக் கற்றல் நிலையத்தில் ஐந்து வருடமாகப் பகுதிநேரமாகப் படிப்பித்து வருகிறேன். படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளுக்கான நிலையம் இது. அதன் பொறுப்பாளர் கடந்த ஜூன் மாதம் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். பதிலுக்குத் தனியாக ஒருவரைப் போடப்போவதில்லை, ஏற்கெனவே வேறு நிலையங்களைப் பார்க்கும் உத்தியோகத்தர் ஒருவர் இதையும் மேலதிகமாகப் பார்ப்பார் என்று எங்களுக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மனு. கீழே என்னோடு கையொப்பம் வைத்திருப்பவர்கள் பிள்ளைகளின் பெற்றோர்.

மேலதிகமாகப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் ஒருமுறை அனுபவித்துவிட்டோம். 2022இல் அப்படித்தான் ஒருவரிடம் நிலையம் ஒப்படைக்கப்பட்டது. பெற்றோல் வரிசையில் நாடே நின்ற வருடம். அவர் வர வேண்டியது மோட்டார் சைக்கிளில், மலை ஏறி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நிலையம் நடக்கும் பழைய பிள்ளைக் காம்பராவின் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) சாவி அவரிடம் இருந்தது. நான்கு மாதம் கதவு திறக்கவில்லை. பூட்டும்போது 19 பிள்ளைகள், திரும்பத் திறந்தபோது வந்தவர்கள் 7 பேர். மற்றவர்களில் இரண்டு பையன்கள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போயிருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை வீட்டு வேலைக்கு. அவள் இருக்கும் வீடு எந்த ஊரில் என்றுகூட அவளுடைய அம்மாவுக்குச் சரியாகத் தெரியவில்லை.

கட்டாயக் கல்வி வயது 2016ஆம் ஆண்டு வர்த்தமானி மூலம் 5 முதல் 16 வரை என்றானது தாங்கள் அறிந்ததே. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்ந்தது. இரண்டும் நல்ல சட்டங்கள். ஆனால் தரம் 8இல் நின்றுவிட்ட 14 வயதுப் பிள்ளையைப் பாருங்கள். பாடசாலை வரவைக் கவனிக்கும் குழு வீட்டுக்கு வந்து பள்ளிக்கு அனுப்பச் சொல்கிறது. அனுப்பினால் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும், இல்லாவிட்டால் தன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒன்றும் விளங்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு கிழமையில் மறுபடியும் நின்றுவிடும். வேலைக்குப் போகவும் சட்டத்தில் இடமில்லை. சட்டத்தில் இல்லாவிட்டால் என்ன, கொழும்பில் இருக்கிறது. எங்களிடம் வருவது இந்தப் பிள்ளைகள்தான்.

சென்ற வருடம் கொழும்பில் ஒரு பாத்திரக் கடையிலிருந்து திரும்பி வந்த பையன் ஒருவன் சேர்ந்தான். வாசிப்பு மட்டம் பார்க்கலாம் என்று தரம் 5 தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தேன். புரட்டிவிட்டு, “டீச்சர், இது தங்கச்சி புத்தகம்” என்று திருப்பித் தந்தான். மறுநாள் வரவில்லை. அப்போதிருந்த பொறுப்பாளர் அன்று இரவே அவன் குடும்பம் இருக்கும் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகள்) போனார். அவனிடம் ஒன்றும் பேசவில்லை. அவனுடைய அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அந்த அம்மாவின் சம்பளத் துண்டை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். அடுத்த நாள் அந்தத் துண்டுதான் எங்களுக்குப் பாடம். அப்போது ஒரு நாள் சம்பளம் 1350 ரூபா, 20 நாள் வேலை செய்து பேர் விழுந்தால் 27000. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தால் எவ்வளவு? அன்று எப்படியோ வந்து சேர்ந்திருந்த அந்தப் பையன், நான் பலகையில் எழுதி முடிக்குமுன் 2160 என்றான். கணக்கெல்லாம் கடையில் பழகியிருந்தான், எழுத்துத்தான் வரவில்லை. ‘கழிவு’ என்ற சொல்லை எழுதப் பழகியது அன்றைக்குத்தான். அந்த நிதிக்குத் தோட்டம் தன் பங்காகப் போடும் 12 வீதம் எங்கே போகிறது என்று கேட்டான். எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. அதுவும் அம்மாவின் கணக்கில்தான் சேரும் என்று பொறுப்பாளர் விளக்கினார். அந்த வாரத்திலேயே மூன்று தாய்மார் தங்கள் துண்டுகளோடு வந்து பின்பக்கம் பாயில் உட்கார்ந்தார்கள்.

படிப்பிக்கும் பயிற்சி அந்தப் பொறுப்பாளருக்கு என்னைவிடக் குறைவு. நிலையத்தை நடத்தத் தெரிந்தவர் அவர்தான். மேலிருந்து வந்த நேரசூசியில் வகுப்பு பிற்பகல் 2 முதல் 4 வரை என்று இருந்தது. அந்த நேரத்தில் பெண்பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அம்மா மடுவத்தில் கொழுந்து நிறுத்து வீடு வந்து சேர ஐந்து மணியாகும், சித்திரை வைகாசியில் கொழுந்து கூடினால் இன்னும் பிந்தும். அவர் வகுப்பை ஐந்தரைக்கு மாற்றினார். ஏழரைக்கு மேல் ஒரு நிமிடம் வைக்க மாட்டார். இருட்டில் தேயிலைக்குள் நடந்து போக வேண்டும், சிறுத்தைப் பயமும் உண்டு. அதனால் லயம் லயமாகப் பிள்ளைகளைப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் பெரிய பையன் ஒருவனிடம் டோர்ச் கொடுத்து அனுப்பினார். பெற்றோர் கூட்டத்தைச் சம்பளத்துக்கு முதல் கிழமை வைப்பார். சம்பளத்துக்கு மறுநாள் வைத்தால் அப்பாமார் வந்தாலும் வராத மாதிரித்தான். திருவிழா நாட்களில் கோயில் கமிட்டியோடு பேசி, மண்டபத்தில் ஒரு மூலையையாவது கேட்டு வாங்குவார். தோட்டத் தலைவர், கங்காணி, கிராம உத்தியோகத்தர், பக்கத்துப் பாடசாலை அதிபர் என்று எல்லாரையும் அவருக்குத் தெரியும், அவர்களுக்கும் அவரைத் தெரியும். வாரத்தில் ஒரு நாள் வந்து கையொப்பம் வைத்துவிட்டுப் போகும் ஒருவர் இதைச் செய்யவே முடியாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

வரவு இடாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிலையங்கள் இன்றைக்கு வரவு எண்ணிக்கையை வைத்தே மதிக்கப்படுகின்றன. அதனால் என்ன நடக்கிறதென்றால், இடாப்பில் 22 பேர், பாயில் 6 பேர். முன்பு இருந்த ஒரு பொறுப்பாளரின் காலத்தில் நானே அப்படி அடையாளம் போட்டிருக்கிறேன், மறைக்கவில்லை. எண்ணிக்கை குறைந்தால் மூடிவிடுவார்கள் என்ற பயம். பிள்ளை எப்போது வந்தது, எதை வாசிக்கத் தெரிந்தது, இங்கிருந்து எங்கே போனது என்று ஒரு பக்கத்தில் எழுதி வைக்க அனுமதித்தால் போதும். பாடசாலைக்குத் திரும்பிய பிள்ளை எங்கள் இடாப்பில் ‘விலகியவர்’ என்று விழுகிறது. எங்களுக்கு அதுதான் வெற்றி.

இப்போது எங்கள் கோரிக்கை. இந்த நிலையத்துக்கென்று ஒரு பொறுப்பாளர், எழுத்து மூல நியமனக் கடிதத்தோடு, குறைந்தது மூன்று வருடத்துக்கு வேண்டும். தோட்டத்திலோ பக்கத்து டவுனிலோ வசிப்பவராக, தமிழில் பேசிப் பழகக்கூடியவராக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஆள் தேட வேண்டியதில்லை. உயர்தரம் முடித்தவர்களும் பட்டம் பெற்றவர்களும் எங்கள் லயங்களிலேயே இருக்கிறார்கள். வகுப்பு நேரத்தைத் தீர்மானிக்கும் அதிகாரமும், டோர்ச் பற்றரிக்கும் பஸ் காசுக்கும் கையில் ஒரு சிறு தொகையும் அவருக்கு இருக்கட்டும். சம்பளம் வாழக்கூடிய சம்பளமாக இருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களை எடுத்தபோது மாதம் 6000 ரூபா கொடுப்பனவில் தொடங்கினார்கள். அந்தக் காசில் அவர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்தவர்கள் நாங்கள். நியமிக்கப்படுபவருக்கு நிலைய நிர்வாகத்தில், முக்கியமாக வயது வந்த பிள்ளைகளைக் கையாளுவதில், விடுமுறைக் காலத்தில் ஒரு குறுகிய பயிற்சி கொடுக்கப்பட்டால் நல்லது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அவசரம் ஏன் என்றால், பாதியில் நிற்கும் வேலைகள் சில உண்டு. மூன்று வருடமாக முச்சக்கரவண்டி கராஜில் வேலை செய்யும் 18 வயது இளைஞர் ஒருவருக்கு, வேலையில் பழகிய திறமையைச் சோதித்து ஏற்கும் முன்கற்றல் அங்கீகாரத்தின் வழியாகத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்துக் கொடுக்கப் பொறுப்பாளர் கடிதங்கள் எழுதியிருந்தார். க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாகத் தோற்ற இரண்டு பெண்பிள்ளைகள் தயாராகிறார்கள். அவர்களில் ஒருவருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பழைய பாடசாலை இடாப்பில் இன்னொரு பெயர். அதைத் திருத்தாமல் அடையாள அட்டை எடுக்க முடியாது. பிரதேச செயலகத்துக்கு இரண்டு தரம் அலைந்து பாதி வேலை முடிந்தது. மீதிக் கடதாசிகள் ஒரு பழுப்பு உறையில் என் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. கேட்டு எழுத எனக்குப் பதவியும் இல்லை, முத்திரையும் இல்லை.

ஆகவே நவம்பர் மாதத்துக்கு முன் இந்த நியமனத்தைச் செய்து தருமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை தற்காலிக ஏற்பாடாகவேனும், நிலையத்தின் சாவி தோட்டத்திலேயே ஒருவரிடம் இருக்க உத்தரவிடுங்கள். தாங்களோ தங்கள் உத்தியோகத்தரோ நேரில் வந்து பார்த்தால் மிகவும் சந்தோஷப்படுவோம். வருவதானால் மாலை ஐந்தரைக்குப் பிறகு வாருங்கள். முன்னரே வந்தால் கதவு பூட்டித்தான் இருக்கும், பிள்ளைகள் வீட்டு வேலையில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(கையொப்பம்)
பகுதிநேரப் போதனாசிரியை, மாலைக் கற்றல் நிலையம்

இணைப்பு: பெற்றோர் 14 பேரின் கையொப்பங்களும், கையெழுத்து வைக்கத் தெரியாத மூவரின் பெருவிரல் அடையாளமும்