அந்த வால்வைக் கழற்றியவருக்கும், மற்ற எல்லோருக்கும்

தோள் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். அதை இங்கே திரும்பச் சொல்லவில்லை. எங்கள் யூத மாணவர் சங்க வீட்டு அடுக்களை இல்லை என்றாகி ஆறாவது நாள், புதன் மாலை, பெசாக் பண்டிகையின் முதல் செடர் விருந்துக்கு 120 பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்தார்கள். மறுநாள் இரவு இரண்டாம் செடரும் அங்கேயே நடந்தது. பஸ்கா என்று தமிழில் பழகிய பண்டிகை இதுதான். எட்டு நாளும் முடிந்து, பாத்திரங்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கும் கையோடு இதை எழுதுகிறோம்.

முதல் நன்றி, பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் இரவு ஷிஃப்டில் பாத்திரம் கழுவும் ஒருவருக்கு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது, பெசாக்குக்கு ஓர் அடுக்களையைத் தயார் செய்தவர்களுக்குத்தான் சட்டென்று புரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்தில் எதுவும் தண்ணீர் பட்டுப் புளித்தால் அது ஹமேட்ஸ். எட்டு நாளும் ஆகாது. மட்ஸா என்ற புளிக்காத ரொட்டியை, மாவில் தண்ணீர் விட்ட 18 நிமிடத்துக்குள் சுட்டு எடுப்பது இதனால்தான். ஹமேட்ஸ் வெந்த பாத்திரத்துக்குள்ளும் அதன் ருசி ஊறியிருக்கும் என்பது மரபு. ஊறியதை வெளியேற்ற, பாத்திரத்தைத் துளி அழுக்கில்லாமல் தேய்க்க வேண்டும். பிறகு 24 மணி நேரம் அதில் சூடாக எதுவும் படக்கூடாது. அதன் பின்தான் தளதளவென்று கொதிக்கும் தண்ணீர். நடுவில் யாராவது ஒரு கரண்டி சூப் சுட வைத்தாலும் அந்த 24 மணி நேரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும்.

உணவுக்கூடம் எங்களுக்குத் தந்தது, இரட்டைச் சுவருக்கு நடுவே நீராவி ஓடும் 150 லிட்டர் அண்டா. உட்புறம், விளிம்பு, மூடி, கைப்பிடியின் அடிப்பக்கம் என்று எங்கள் பட்டியலில் எல்லாம் இருந்தன. அடியில் இருக்கும் வடிகுழாய் வால்வு இல்லை. ஞாயிறு இரவு பட்டியலைப் பார்த்த அவர் ஒன்றும் சொல்லாமல் போய் ஸ்பேனர் எடுத்து வந்தார். தினமும் காலை ஓட்ஸ் கஞ்சி காய்ச்சும் அண்டா அது. வால்வைக் கழற்றினால், ரப்பர் வாஷருக்குப் பின்னால் நகத்தின் கனத்துக்குக் காய்ந்த கஞ்சி, பழுப்பு நிறத்தில் ஒரு முழு வளையம்! ஊறிய ருசியைத்தான் கொதிநீர் வெளியேற்றும். ஒட்டியிருக்கும் கஞ்சியை அது ஒன்றும் செய்யாது. அந்த வளையம் அங்கேயே இருந்திருந்தால், அதன் பிறகு செய்த அத்தனை வேலையும் வீண். அவர் அதைச் சுரண்டி எடுத்து, பாட்டில் பிரஷால் தேய்த்து, புது வாஷர் போட்டு மாட்டினார். அலசியது பச்சைத் தண்ணீரில்.

பிறகு செய்ததைத்தான் மறக்க முடியவில்லை. ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பைக் கிழித்து, 'ஞாயிறு இரவு 9:40. தொடாதீர்கள்' என்று எழுதி மூடியில் ஒட்டினார். காலை 5 மணிக்கு வருகிறவர்கள் தூக்கக் கலக்கத்தில், பழக்கத்தில் அதே அண்டாவில்தான் ஓட்ஸைக் கொட்டுவார்கள். டேப் ஒன்றை நம்பி விட முடியாது என்றார். நீராவிக் குழாயை மூடி, அதன் கைப்பிடியைக் கழற்றித் தன் லாக்கரில் வைத்துப் பூட்டினார். கஞ்சிக்கு வேறு பாத்திரத்தை எடுத்து முன்னால் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். திங்கள் இரவு 9:40க்குக் கைப்பிடியோடு வந்து நின்றார். எதற்கு என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

அன்று இரவு எங்கள் மதகுருவான ரபி பக்கத்தில் நிற்க, அண்டாவை விளிம்பு வரை நிரப்பிக் கொதிக்கவிட்டோம். தீயில் காய்ச்சிய கல்லை உள்ளே போட, கொதிநீர் நாலா பக்கமும் பொங்கி வழிந்தது. விளிம்பும் சுத்தமாவது அப்படித்தான். பிறகு கரண்டி, சட்டி, இடுக்கி எல்லாம் ஒவ்வொன்றாக முங்கி எழுந்து, நேரே பச்சைத் தண்ணீருக்குப் போயின. இங்கே வழக்கமாக நேரும் தவறு அவசரம்தான். நாலைந்தை ஒன்றாகப் போட்டால் கொதி அடங்கிவிடும். ஒன்றோடொன்று ஒட்டிய இடத்தில் தண்ணீரும் படாது. மறுபடி கொதி வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பீங்கானும் நான்ஸ்டிக்கும் இதற்கு ஆகாது. ஸ்டீல் மேடைமேல் கொதிநீர் ஊற்றுவதற்கு முன் மேடை உலர்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் சூடு அங்கேயே இறங்கிவிடும். இதையும் வால்வைக் கழற்றியவர்தான் கவனித்து, துணியோடு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். முதல் செடரில் ஆளுக்கு நான்கு கோப்பை திராட்சை மது என்ற கணக்குக்கு, கோப்பைக்குக் குறைந்தது 86 மி.லி. என்று வைத்து, 750 மி.லி. புட்டிகள் 56 வாங்கித் தந்த பழைய மாணவர்கள். 21 வயது ஆகாதவர்கள்தான் அதிகம் என்று பாதிக்கு மேல் திராட்சைச் சாறாகவே அனுப்பினார்கள். நோன்பு திறப்புக்கு வைத்திருந்த மடக்கு மேசைகளைத் தாங்களே தூக்கி வந்த முஸ்லிம் மாணவர் சங்கத்தினர். ரோமைன் கீரையை இலை இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி பார்த்த விடுதித் தோழர்கள். தேர்வைத் தள்ளிவைத்த ஆசிரியர்கள். பெசாக்கில் அரிசியும் பருப்பும் உண்ணும் செஃபார்டி மரபு யூத மாணவர்களுக்கும் உண்ணாத அஷ்கெனாசி மரபு மாணவர்களுக்கும் தனித்தனி அடுப்பு ஒதுக்கிய சமையல்காரர்கள். இரண்டு இரவும் வாசலில் நின்ற காவலர்கள். அத்தனை பேருக்கும் நன்றி.

1923இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லல் என்ற யூத மாணவர் அமைப்பின் முதல் கிளை தொடங்கியது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் தேவை மாறவில்லை: வெளியூர்ப் பிள்ளைகள் ஒன்றுசேர ஓர் இடம், அதில் எல்லோரும் உண்ணக்கூடிய ஒரு சமையல். அடுக்களை போனால், கோஷர் என்ற யூத உணவு விதியைக் கண்டிப்பாகப் பார்ப்பவர்கள் எப்படியும் சமாளிப்பார்கள். அறையில் மட்ஸாவும் டின் மீனும் வைத்துக்கொள்வார்கள். நாம் இழப்பது முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை. வீட்டை விட்டு வந்த முதல் பெசாக், யாரைக் கேட்பதென்று தெரியாது. கூடம் திறந்திருந்தால் வருவார்கள். இல்லாவிட்டால் அந்த இரவும் மற்ற இரவுகளைப் போலவே கழிந்துவிடும். இந்த வருஷம் அந்தப் பிள்ளைகள் வந்தார்கள்.

ஒரு வாக்குக் கொடுக்கிறோம். 60 லிட்டர் அண்டா இரண்டும் அவற்றுக்கான கரண்டிகளும் வாங்கிப் பொதுவில் வைக்கப் போகிறோம். இந்த வளாகத்தில் எந்தச் சங்கத்தின் அடுப்பு அணைந்தாலும், எந்த மதமானாலும், அன்றே வந்து எடுத்துப் போகலாம். எங்கள் பட்டியலின் முதல் வரியிலும் இப்போது 'வால்வைக் கழற்று' என்று எழுதியாயிற்று.

கொதிநீர் காட்டுவதற்கு முன் மூடியிலிருந்து அந்த டேப்பை உரிக்க வேண்டியிருந்தது. பசை இருந்தால் தண்ணீர் படாது. உரித்ததைத் தூக்கிப் போடவில்லை. பெசாக் பாத்திரப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறோம், 9:40 என்று அவர் எழுதிய எழுத்தோடு.

அன்புடன்,
யூத மாணவர் சங்கத்தின் சமையல் குழு