என் தங்கை வாசித்த ‘அந்த நாள்’

போன ஞாயிற்றுக்கிழமை உறையூரில் எங்கள் வீட்டு மாடியில் ‘அந்த நாள்’ படம் பார்க்கக் கூடிய எல்லாருக்கும், வேலை பார்த்துக் கொடுத்துவிட்டு வர முடியாமல் போனவர்களுக்கும் வணக்கம்.

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது ஒரு மாலை தூர்தர்ஷனில் ‘அந்த நாள்’ போட்டார்கள். படம் ஆரம்பித்ததுமே சிவாஜி குண்டடிபட்டுச் சாய்கிறார். தங்கை என் தொடையைத் தட்டி, “யார் சுட்டது?” என்று கையால் கேட்டாள். “அப்புறம் சொல்றேன்” என்று நானும் கையால் சொன்னேன். படம் முடிந்தது, சாப்பிடப் போனோம், நான் சொல்லவே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அவள் உதட்டசைவைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவாள். இந்தப் படத்தில் அதற்கு வழியில்லை. 1954இல் எஸ்.பாலசந்தர் இயக்கி ஏவி.எம். எடுத்த படம் இது. மாருதி ராவின் ஒளிப்பதிவில் முகத்தில் ஒரு பக்கம்தான் வெளிச்சம் இருக்கும். நாம் வியந்து பார்க்கிற அந்த நிழல்தான் அவளுக்கு உதட்டை மறைத்தது. பாட்டோ நடனமோ ஒன்றுகூடக் கிடையாது, முழுக்கப் பேச்சு. அதுவும் எப்படிப்பட்ட பேச்சு! 1943இல் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் ரேடியோ என்ஜினியர் ராஜன் (சிவாஜி) கொல்லப்படுகிறான். விசாரிக்க விசாரிக்க ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ராஜனைப் பற்றிச் சொல்கிறார்கள். ஒரு வரியைத் தவறவிட்டால்கூட யாரைச் சந்தேகப்படுவது என்பதே மாறிப்போகும்.

அதனால் வசனம் முழுவதையும் தமிழிலேயே எழுத்தாகப் போட முடிவு செய்தேன். எனக்கு அந்த வேலை தெரியாது. தெரிந்தவர்கள் வந்தார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. வட்டில் ஒலி கரகரத்த இடங்களில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே வரியை இருபது தடவை கேட்டீர்கள். படத்தில் வரும் சின்னையா பிள்ளையின் பேச்சை எழுத்து நடைக்குத் திருத்தலாமா என்று நான் கேட்டபோது, “அவர் எப்படிப் பேசுறாரோ அப்படியே போடு, அந்தப் பிள்ளைக்கும் அது தெரியட்டும்” என்றீர்கள். அது எனக்குத் தோன்றாத நியாயம்.

எதிர்வீட்டுத் தம்பி, கல்லூரிப் பரீட்சைக்கு நடுவில், எந்த வரி எப்போது திரையில் வரவேண்டும் என்று நேரக்குறி போட்டுத் தந்தாய். வெள்ளை வேட்டி வரும் காட்சிகளில் வெள்ளை எழுத்து கரைந்துபோனது. அதைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்து எல்லா வரிக்கும் கறுப்புக் கரை கட்டினாய். நினைவுக்காட்சி வரும்போதெல்லாம் மேல்மூலையில் ‘பட்டாபி சொல்வது’, ‘ஹேமா சொல்வது’ என்று போட்டது உன் யோசனை. அது இல்லாவிட்டால் பாதிப் பேர் குழம்பியிருப்பார்கள்.

சைகைமொழி டீச்சரம்மா, ‘துப்பாக்கிச் சத்தம்’ என்று மட்டும் நான் எழுதியதை நீங்கள் ஏற்கவில்லை. கொலைப் படத்தில் சத்தம் கிட்டத்தில் கேட்டதா, தூரத்திலா, அதைக் கேட்டது யார் என்பதெல்லாம் காது கேட்காதவருக்கும் வேண்டும் என்றீர்கள். அன்றிரவே எல்லா ஒலிக்குறிப்புகளையும் திருத்தினோம்.

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துக் கொடுத்துக் காசு வாங்க மறுத்த தையல்கடை அண்ணன், நாற்காலி தந்த கோவில் தெரு அக்கா, இடைவேளைக்குச் சுக்குக் காப்பி போட்ட அத்தை, உங்கள் எல்லாருக்கும் நன்றி.

நாற்பது பேர் வந்தார்கள், அதில் பதினேழு பேருக்குக் காது கேட்காது. யார் சுட்டது என்று இங்கே எழுதமாட்டேன், இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். அந்த இடம் வந்தபோது தங்கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். படம் முடிகிறவரை விடவில்லை.

தாமதமாக வந்த ஒரு பையன் தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் காது கேட்காது. பாதிப் படத்தில் அவன் அவள் தோளைத் தட்டி, “யார் சுட்டது?” என்று கையால் கேட்டான். அவள் திரையைக் காட்டி, “படி” என்றாள்.

அன்புடன்,
உறையூரிலிருந்து ஓர் அண்ணன்