வரப்போரக் கரும்பில் பிரிக்ஸ் பார்க்காதீர்கள்

வெட்டு உத்தரவுக்கு முன் முதிர்ச்சி பார்க்க அலங்காநல்லூர், வாடிப்பட்டி வயல்களுக்கு வரும் கரும்பு அலுவலர்களுக்கு,

வணக்கம். வரப்பில் நின்றபடியே கைக்கு எட்டிய கரும்பில் சாறெடுத்து அதன் பிரிக்ஸை, அதாவது சாற்றில் கரைந்திருப்பவற்றின் விழுக்காட்டைப் பார்த்தால் அது வரப்பின் கணக்கு, வயலின் கணக்கு அல்ல. ஓரத்துக் கரும்புக்கு வெயிலும் காற்றும் கூடுதல். இரண்டு வரிசை உள்ளே தள்ளி, மூலைக்கு மூலை நடந்து இருபது கரும்பாவது பாருங்கள். ஒவ்வொன்றிலும் அடி, நடு, நுனி மூன்றிலும் சாறு வேண்டும். கரும்பு அடியிலிருந்துதான் முதிரும். பிரிக்ஸ் அடியில் 20, நுனியில் 14 என்றால் நுனியை அடியால் வகுத்த விகிதம் 0.7, இன்னும் பச்சை. ஒன்றை நெருங்கினால் வெட்டலாம். தாண்டினால் முற்றிப்போய், அடியில் சர்க்கரை குறையத் தொடங்கிவிட்டது.

அடுத்தது சூடு. பிரிக்ஸ் பார்க்கும் கைக்கருவியான ரிஃப்ராக்டோமீட்டரின் அளவுகோல் 20 டிகிரிக்கு வகுத்தது. வெப்ப ஈடு (சூட்டுக்கேற்பத் தானாகத் திருத்திக்கொள்ளும் வசதி) இல்லாத கருவியை 20 டிகிரியில் பூஜ்யம் வைத்து, 30 டிகிரியில் பார்த்தால் ஏறத்தாழ 0.8 குறைவாகக் காட்டும். வயலிலேயே, அதே சூட்டில் உள்ள காய்ச்சி வடித்த நீரால் பூஜ்யம் வைத்தால் இந்தப் பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போகும்; அதற்குமேல் 0.8 கூட்டினால் அது இரட்டைத் திருத்தம். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு இருக்கும். தானாக ஈடுகட்டும் கருவிகளிலும் பல 30 டிகிரி வரைதான் தாங்கும். நம்மூர்ப் பங்குனி வெயிலை அவை கண்டதில்லை! சொட்டு விடும் கருவிக் கண்ணாடியை நிழலில் வையுங்கள். ஒவ்வொரு சொட்டுக்குப் பிறகும் நீர் விட்டுத் துடையுங்கள். முந்தைய சாறு காய்ந்து ஒட்டியிருந்தால் அடுத்த கரும்பு இல்லாத இனிப்பைக் காட்டும்.

இன்னொன்று. பிரிக்ஸ் என்பது சர்க்கரை மட்டுமல்ல, சாற்றில் கரைந்த எல்லாமும். பிரிக்ஸ் 20, தூய்மை (கரைந்தவற்றில் சர்க்கரையின் பங்கு) 85 விழுக்காடு என்றால் சர்க்கரை 17தான். வெட்டி இரண்டு நாள் வெயிலில் கிடந்த கரும்பில் நீர் வற்றிப் பிரிக்ஸ் ஏறும். உள்ளே சுக்ரோஸ், அதாவது நமக்கு வேண்டிய சர்க்கரை, குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைந்துகொண்டிருக்கும். அதைப் பிடிக்க, ஒளியைக் கொண்டு சுக்ரோஸை அளக்கும் போலாரிமீட்டர் வேண்டும். கைக்கருவிக்கு அந்த வித்தை தெரியாது.

ஆகவே சீட்டில் ஒற்றை எண்ணை எழுதாதீர்கள். அடி, நடு, நுனி மூன்றையும், பார்த்த நேரத்தையும், சூட்டையும், கடைசியாகத் தண்ணீர் பாய்ச்சிய தேதியையும் எழுதி விவசாயியிடம் ஒரு நகல் கொடுங்கள்.

இப்படிக்கு,
சாறு அளந்து பழகியவர்கள்