எத்தனையாவது இடம் என்று கேட்பார்கள்

பினாங்கு,
11 ஆகஸ்ட் 2024

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். கிளிப்பர் உலகச் சுற்றுப் பாய்மரப் படகுப் போட்டியை முடித்து நீ இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் கரையேறிய மறுநாள் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) பேசியபோது, வைக்கும் நேரத்தில் தயங்கிக்கொண்டே ஒன்று கேட்டாய். "முதல் மூன்று இடங்களில்கூட நாங்கள் இல்லை, ஆனாலும் ஜெயித்தவர்களைவிட எங்கள் படகில்தான் ஆட்டமும் பாட்டும் அதிகமாக இருந்தது. ஊரில் பார்த்தால் சிரிப்பார்களா அப்பா?" என்றாய். அதற்குள் உன் அம்மா கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு, சாப்பிட்டாயா, தலை முடிக்கு எண்ணெய் வைத்தாயா என்று தொடங்கிவிட்டாள். இது இரண்டு வரியில் சொல்லக்கூடிய பதிலும் இல்லை என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

சிரிக்கிறார்களோ இல்லையோ, கேட்பார்கள். சென்ற வாரம் பட்டர்வொர்த்தில் நடந்த கல்யாண விருந்திலேயே உன் அத்தை கேட்டுவிட்டாள். "கிளிப்பர் உலகச் சுற்றுப் போட்டியை முழுதாக முடித்துவிட்டாள்" என்று நான் பெருமையோடு சொன்னேன். "அது சரி அண்ணே, எத்தனையாவது இடம்?" என்றாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளி இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவு வந்தால் பிள்ளை என்ன படித்தது என்று கேட்காமல் எத்தனை ஏ என்று கேட்டே பழகிய கூட்டம் நாம். நீ ஊருக்கு வரும்போது இந்தக் கேள்வியை வீட்டுக்கு வீடு சந்திப்பாய். பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டே கேட்பார்கள். அப்போது நீ கூசிப்போய் நிற்கக் கூடாது என்பதே என் கவலை.

நீ ஓடிய போட்டியைத் தொடங்கியவர் யார் என்பதிலிருந்தே அவர்களுக்குப் பதில் சொல்லலாம். 1968 ஜூன் மாதத்தில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டு, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி, 312 நாட்கள் கழித்து 1969 ஏப்ரல் 22 அன்று அதே துறைமுகத்துக்குத் திரும்பினார். அவருடைய 'சுஹைலி' 32 அடி நீளமே உள்ள படகு. நம்மவர்கள் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டியது. (அத்தையிடம் இதைக் கட்டாயம் சொல், அவளுக்குப் பிடிக்கும்.) அது கோல்டன் குளோப் என்ற தனியாள் போட்டி. அதில் இறங்கியவர்கள் ஒன்பது பேர். முடித்தவர் அவர் ஒருவரே. மற்ற எட்டுப் பேரில் படகு உடைந்து விலகியவர்கள் உண்டு. கரை வேண்டாம் என்று வேறு கடலுக்குத் திருப்பிக்கொண்டு போனவர் உண்டு. கடலிலேயே காணாமற்போனவரும் உண்டு. அந்த ஒருவருடைய குடும்பத்துக்குத்தான் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தமக்குக் கிடைத்த 5,000 பவுண்டு பரிசுப் பணத்தைக் கொடுத்தார். அத்தகையவர் 1996-ல் தொடங்கிவைத்த போட்டியில், முடித்து வந்தவர்களைப் பார்த்து யாரும் முதலில் வரிசை எண்ணைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொருவர் அபிலாஷ் டோமி. இந்தியக் கடற்படைக்காரர். 2018-ல் மறுபடி நடந்த கோல்டன் குளோப் போட்டியில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் அடிபட்டு, அசைய முடியாமல் படகுக்குள்ளேயே கிடந்தவரைப் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து மீட்டது. அதே மனிதர் 2022-ல் மறுபடியும் அதே போட்டிக்குப் போனார். பதினாறு பேர் புறப்பட்ட அந்தப் போட்டியில் விதிப்படி நிற்காமல் முடித்தவர்கள் மூன்று பேர்தான். முதலில் வந்தவர் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் என்ற பெண், இரண்டாவதாக வந்தவர் டோமி. கடல் வைக்கும் தேர்வில் கரைக்கு வந்து சேர்வதே பெரிய தேர்ச்சி, மகளே.

அவர்களெல்லாம் தனியாகப் போனவர்கள். நீ இருபது பேரோடு போனாய், ஆகவே இது சுலபம் என்று யாராவது சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனியாகப் போகிறவன் தன்னை மட்டும் பொறுத்துக்கொண்டால் போதும்.

உங்கள் படகு கரைக்கு வந்த காணொலியை நான் பலமுறை பார்த்துவிட்டேன். அம்மா ஒவ்வொரு முறையும் நீ அழுகிற இடத்தில் நிறுத்தச் சொல்வாள். நான் பார்ப்பது அதற்கு முந்திய பகுதியை. எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள், ஊதல் ஊதிவிட்டது, பக்கத்துச் சிறு படகுகளிலிருந்து கூச்சல் வருகிறது; ஆனால் உங்களில் ஒருவரும் உடனே குதிக்கவில்லை. முதலில் பெரிய பாயை இறக்கினீர்கள். அதை மடிப்பு மடிப்பாக விட்டத்தின் மீது சரித்து, நான்கைந்து பேர் வயிற்றால் அழுத்திப் பிடித்துக் கட்டினீர்கள். ஒரு பெண் தளத்தில் இறைந்து கிடந்த கயிறுகளை ஒவ்வொன்றாகச் சுருட்டி அதனதன் கொக்கியில் மாட்டினாள். முகம் தெரியவில்லை, நடையைப் பார்த்து அது நீதான் என்று கண்டுகொண்டேன். எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் உங்கள் குழுவில் இருந்த அந்த வயதான பல் மருத்துவர் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நீ போய் அவர் தோளைப் பிடித்தாய். பிறகு புட்டிகள் திறந்தன. ஃபெரியின் எஞ்சின் அறையில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் காட்சி இல்லை. கருவிகளைத் துடைத்து இடத்தில் வைத்துவிட்டுத்தான் கை கழுவ வேண்டும் என்று நாங்கள் புதியவர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறோம். அதற்குப் பிறகு நீங்கள் விடிய விடிய ஆடியிருந்தாலும் அது உங்களுக்குத் தகும்.

ஏன் தகும் என்பதை உன் கடிதங்களே எனக்குச் சொல்லிக்கொடுத்தன. பகலில் ஆறு மணி நேரம், இரவில் நான்கு மணி நேரம் என்று முறை மாறி மாறி வேலை. ஒருவர் எழுந்த சூடு ஆறுவதற்குள் அதே படுக்கையில் இன்னொருவர். படகு சாயும் பக்கத்துக்கு ஏற்ப அந்தப் படுக்கையையே கயிற்றால் ஏற்றி இறக்க வேண்டும். சமையல் முறை வந்த நாளில், ஒரு பக்கமாகச் சாய்ந்த அடுப்படியில் இடுப்பைப் பட்டையால் கட்டிக்கொண்டு இருபது பேருக்குப் பருப்பும் சோறும் ஆக்கினாய் என்று எழுதியிருந்தாய். அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிச் சம்பல் தீர்ந்த நாளில் உங்கள் ஸ்கிப்பர், அதாவது படகுத் தலைவர், காலிப் புட்டியில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கி அதையும் சோற்றில் விட்டுக்கொண்டார் என்பதைப் படித்துவிட்டு, இவள் யாரோடு போயிருக்கிறாள் என்ற பயம் எனக்கு அன்றோடு போயிற்று.

முன்பு அந்தப் பயம் இருந்தது. 2015-16 போட்டியில் இருவரும் 2017-ல் ஒருவரும் உயிரிழந்ததை நீ புறப்படும் முன்பே படித்திருந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. பாதுகாப்புக் கயிற்றைப் படகில் மாட்டாமல் மேல்தளத்தில் காலெடுத்து வைக்காதே என்று நான் உன்னிடம் ஓயாமல் சொன்னதற்குக் காரணம் அதுதான். தீபாவளியன்று நீங்கள் கேப் டவுனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே, மேலைக்காற்றைத் தடுக்கத் துண்டு நிலமும் இல்லாத கடலில் இருந்தீர்கள். அம்மா அன்று எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரையில் உங்கள் படகின் புள்ளி நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் புள்ளியைச் சுற்றி இருந்த மற்றப் படகுகளையும் அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். பசிபிக்கில் தேதிக் கோட்டைக் கிழக்கு நோக்கித் தாண்டியதால் உங்களுக்கு ஒரே நாள் இரண்டு முறை வந்தது என்று நீ எழுதியபோது மட்டும், அது வெள்ளிக்கிழமையாக இருந்தால் இரண்டு நாளும் கவிச்சி தொட்டிருக்கக் கூடாதே என்று கணக்குப் போட்டாள். நான் தலையிடவில்லை.

உன் தாத்தா 'ரஜுலா' கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தவர். மேல்தளத்தில் பாய் விரித்து, அருகில் படுத்திருந்த முன்பின் தெரியாத ஆட்களோடு வாந்தியும் சோறும் பகிர்ந்து வந்தவர். அவர்களில் ஒருவர் நிபோங் திபாலில், ஒருவர் சுங்கை பட்டாணியில், இன்னொருவர் தைப்பிங்கில் என்று சிதறிப்போனார்கள். ஆனால் என் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை சொந்தக்காரர்களுக்குப் போகவில்லை, அவர்களுக்குத்தான் போயிற்று. என்ன சாதி, எந்த ஊர் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வரவில்லை. உங்கள் படகின் தாதியும் பண்ணைக்காரரும் பல் மருத்துவரும் இப்போது அவரவர் நாட்டுக்குப் போயிருப்பார்கள். நீ முந்திக்கொண்டு எழுது. அவர்கள் எழுதட்டும் என்று காத்திருக்காதே. வேலைக்குத் திரும்பிய மனிதர்கள் சீக்கிரம் அலுத்துப்போவார்கள், பிறகு வெட்கப்பட்டு எழுதாமலே இருந்துவிடுவார்கள்.

அத்தைக்கு நீ என்ன பதில் சொல்வது என்று கேட்டால், இடத்தை மறைக்க வேண்டாம். உள்ளதைச் சொல். சொல்லிவிட்டு, 1999-ல் லங்காவியிலிருந்து தனியாகப் புறப்பட்டு 'ஜாலூர் கெமிலாங்' படகில் உலகைச் சுற்றித் திரும்பிய நம் நாட்டு அசார் மன்சோரை அவளுக்கு நினைவூட்டு. அப்போது தொலைக்காட்சி முன் உட்கார்ந்து கைதட்டியவள்தான் அவள். அவர் எத்தனையாவது என்று அன்று கேட்கவில்லை. பதினொரு படகுகள், நாற்பதாயிரம் கடல் மைல், கிட்டத்தட்ட பதினொரு மாதம் என்ற கணக்கையும் சொல். கணக்கு என்றால் அவள் மடங்கிவிடுவாள்.

டிசம்பரில் உன் கூட்டாளிகள் இருவர் உன்னோடு வருவதாகச் சொன்னாய். தாராளமாக வரட்டும். பின்னறையில் இரண்டு கட்டில் போடலாம். விசிறி மட்டும் சத்தம் போடுகிறது, மாற்றிவிடுகிறேன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காலையிலேயே ஏறிவிட வேண்டும், வெயில் வந்தால் அவர்களால் முடியாது. நாசி கண்டார் (சோறும் காரக் குழம்புகளும்) சாப்பிட எவ்வளவு காரம் தாங்குவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு எழுது. அந்த ஸ்கிப்பரும் வருகிறார் என்றால் அதையும் சொல்லிவிடு. அம்மா நெத்திலி இரண்டு கிலோ கூடுதலாக வாங்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா